பக்கத்து நாற்காலிக்காரரும் என் மொட்டைக் கடிதமும்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் இது நடந்தது. அப்போது எனக்கு அறுபத்தொன்பது வயது. நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது அலுவலகம் முழுவதையும் மேற்பார்வை பார்க்கும் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனு, மறுமனு, இணைப்பு, நகல் என்றே நாற்பது வருடம் கழித்தவன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதுகுவலி என்றுதான் போனேன். ஊர்ப்பட்ட பரிசோதனைகளுக்குப் பிறகு, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை தோறும், வயிற்றில் ஓர் ஊசியும் கையில் சொட்டு மருந்தும். மூன்று மணி நேரம் ஆகும். நல்ல மருந்துகள் வந்துவிட்டன, பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொன்ன டாக்டர், ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். முதல் நான்கு மாதம் ஒரு செவ்வாய்கூட விடக்கூடாது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மஸ்கட்டில் இருக்கும் மகனிடம் எலும்புத் தேய்மானம் என்று சொன்னேன். மாலையில் மைதானத்தில் கூடும் பழைய அலுவலக நண்பர்களைப் பார்க்கப் போவதை நிறுத்தினேன். சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லக் கூடாது என்று மனைவிக்குக் கட்டளை. நாற்பது வருடம் என் மேஜை முன்னால் மற்றவர்கள் கைகட்டி நின்றிருக்கிறார்கள். இப்போது அவர்கள் என்னைப் பார்த்து 'அடப்பாவமே' என்பதா? அந்த நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பிரிவில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். என் பக்கத்து நாற்காலி ஏரலைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவருக்கு. பாத்திரக்கடை வைத்திருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே மாதம் தொடங்கிய சிகிச்சை. வயதும் ஏறக்குறைய ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக ஒருவரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தது போல இருந்தது.

எனக்குத் துணை என் மனைவி. அவளுக்கு மூட்டுவலி. அவருக்கு வரும் துணையைச் சொல்ல வேண்டும். வாரா வாரம் மூன்று பேர், நான்கு பேர். கடைத்தெருவே முறை வைத்து வந்தது. ஒரு வாரம் டீக்கடைக்காரரும் கூட்டாளிகளும், மறு வாரம் தையல்காரர், அதற்கடுத்த வாரம் உரக்கடைக்காரரும் அவர் மைத்துனரும். எல்லா மதத்து ஆட்களும் உண்டு. ஃபிளாஸ்கில் ஆட்டுக்கால் சூப் வரும். எலும்புக்கு நல்லதாம். நான் உப்புக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அந்த மிளகு வாசனையை மோந்துகொண்டிருப்பேன்.

"என்னவே, நம்ம தெருவுல இன்னைக்கு என்ன சேதி?" என்று ஊசி ஏறும்போதே கேட்பார்.

"சேதி என்ன, உம்ம கடைக் கல்லாவுல உம்ம மருமவன் உக்காந்திருக்கான். நீரு இருந்ததவிட யாவாரம் நல்லா நடக்குது. நீரு பையவே வாரும்" என்பார் டீக்கடைக்காரர்.

"அப்ப நான் செத்தா ஒரு கடையை ரெண்டு கடையாக்கிருவான் போலுக்கே!"

சிரிப்பு. அந்த அறையில், அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரிப்பு. சிஸ்டர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் கொடுக்க நான் பல நாள் முயன்றேன், முடியவில்லை. அவருக்கு நரம்பு முதல் குத்திலேயே கிடைத்துவிடும். எனக்கு மூன்று இடத்தில் குத்த வேண்டும். அதில் பொறாமை. அவருக்குப் பசி எடுத்தது. அதில் பொறாமை. மாதம் ஒருமுறை ரத்தத்தில் ஒரு கெட்ட புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள். முதல் மாதம் அவருக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம்தான். அவர் தன் தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "இது நல்லதா கெட்டதா சார்வாள்? படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் என்னை 'சார்வாள்' என்றுதான் கூப்பிடுவார். "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன். மிக நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை என் மனைவி சிரித்தாள். நோய் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. ஏரல்காரர் ஏதோ சொல்ல, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபிறகும் அதை நினைத்துச் சமையலறையில் தனியாக ஒருமுறை சிரித்தது கேட்டது.

மறுநாள் காலை உட்கார்ந்து மொட்டைக் கடிதம் எழுதினேன். ஊசியோடு தரும் மாத்திரை ஒருவிதப் பரபரப்பைக் கொடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். அதன்மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம். போடப் போவதில்லை. தெளிந்த புத்தியோடு, வரிசை எண்ணெல்லாம் போட்டு எழுதினேன்.

முதல் குற்றச்சாட்டு, ஒருவருக்கு மேல் துணை கூடாது என்ற விதி மீறப்படுகிறது. இரண்டாவது, வெளி உணவு உள்ளே வருகிறது. மூன்றாவது, கூச்சலால் மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு. மூன்றும் உண்மை. எதிர்ப்புச் சக்தி இல்லாத எங்களுக்குக் கூட்டம் நல்லதல்ல என்பதும் உண்மை. ஆனால் கனமான ஒரு குற்றச்சாட்டு இல்லாவிட்டால் மனு மேஜையை விட்டு நகராது என்பதை என் அனுபவம் சொன்னது. ஆகவே நான்காவதாக ஒரு பொய் சேர்த்தேன். 'நேற்றைய தினம் நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்து வந்த நபர் கடும் காய்ச்சலோடும் இருமலோடும் நோயாளிகளுக்கு நடுவே அமர்ந்திருந்தார்.' அவர் அந்தத் தையல்காரர். தொண்டையை ஒரே ஒருமுறை செருமினார், அவ்வளவுதான்.

கடைசியில் 'இப்படிக்கு, பாதிக்கப்பட்ட ஒரு நோயாளி' என்று முடித்து, அடியில் 'நகல்: மாவட்ட ஆட்சியர்' என்று எழுதினேன். ஆட்சியருக்கு எதையும் அனுப்பவில்லை. அந்த ஒரு வரி எவ்வளவு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அந்த ஊசி விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும். என் அழகான கையெழுத்து கோழிக் கிறுக்கல் ஆகியிருந்தது. அதற்காக ஒரு மாதமாக வருந்தியவன், அன்று சந்தோஷப்பட்டேன்.

கடிதம் நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இனி நோயாளிகள் மட்டுமே உள்ளே. துணைக்கு வருபவர் யாரானாலும் வெளியே சிமெண்ட் பெஞ்சில்தான் இருக்க வேண்டும். என் மனைவியும் அந்தப் பெஞ்சில் மூட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டத்தை அனுமதித்ததற்கு விளக்கம் கேட்டு சிஸ்டருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. யாரும் பேசவில்லை. சொட்டு மருந்து விழுவதை எண்ணிக்கொண்டு மூன்று மணி நேரம் கிடந்தோம். நான் விரும்பிய அமைதி கிடைத்துவிட்டது. ஏரல்காரர் கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியை ஒருமுறைகூட விடவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. "இப்படி விட்டா ஏறிரும் சார். ஃபோன் போட்டாச் சரி சரிங்காரு, ஆளு வரமாட்டேங்காரு" என்று சிஸ்டர் என்னிடம் புலம்பினார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் என் சிகிச்சை முடிந்து வெளியே வந்தால், சிமெண்ட் பெஞ்சில் என் மனைவிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்தில் முகம் சிறுத்துப்போயிருந்தது. கையில் நான்கு வெள்ளைத் தாளும் ஒரு புதுப் பேனாவும்.

"உங்களைத்தான் பாக்க வந்தேன் சார்வாள். உள்ள போகல. எவனோ ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். அதுக்குப் பதில் மனு ஒண்ணு போடணும். உங்களைவிட்டா எனக்கு யாரு எழுதித் தருவா?"

"எழுதுன கை வெளங்குமா? நல்லாருப்பானா அவன்?" என்றாள் என் மனைவி.

நான் மரத்துப்போன விரல்களால் பேனாவை வாங்கினேன். பிடிப்பு இல்லாமல் அது கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

'ஐயா, கீழே கையெழுத்திட்டுள்ள நான்' என்று தொடங்கி, துணை எதற்காகத் தேவை என்று அவரிடம் கேட்டேன். மனுவில் காரணம் எழுத வேண்டுமல்லவா? அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பயம் சார்வாள். உங்களுக்கெல்லாம் இருக்காது, நீங்க படிச்சவுக. மொத வாரம் இந்த வாசல் வரைக்கும் தனியா வந்தேன். உள்ள போக முடியல. திரும்பி பஸ் ஏறிப் போயிட்டேன். வீட்டுல ஊசி போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். மறுநாளு ஒவ்வொரு கடையா ஏறி எறங்கினேன். எனக்குப் பயமா இருக்கு, கூட வாங்கடேன்னு வாய்விட்டுக் கேட்டேன். அவனுக என்னைப் பாக்கவா வந்தானுக? நான் ஓடிரப்பிடாதுன்னு காவலுக்கு வந்தானுக. அந்தச் சிரிப்பும் பேச்சும் இல்லைன்னா எனக்கு அந்த ஊசியைப் பாக்க முடியாது."

அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியைப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது.

"காச்சக்காரன் வந்தாம்னு எழுதியிருக்கானாம்லா, அதுக்கும் பதில் போடுங்க. சாட்சி கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி, அவர் வேப்பமரத்தடியைக் காட்டினார்.

அங்கே தையல்காரர் நின்றார். அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். கையில் எக்ஸ்ரே உறை. கிட்டே வாருங்கள் என்று கூப்பிட்டேன். தலையை அசைத்து மறுத்து, அங்கிருந்தே பேசினார்.

"இருக்கட்டும் சார். நெஞ்சுப் படம் எடுத்தாச்சு, சளியும் சோதிச்சாச்சு. ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லுதாங்க. இருந்தாலும் எதுக்கு? உங்க ரெண்டு பேர் உடம்பும் தாங்காதுலா. நான் அங்கனயே நிக்கேன்."

தன்னால் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்து, மூன்று வாரமாகத் தையல் மிஷினில்கூட உட்காராமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருக்கிறார். குற்றமற்றவர் என்று சான்றிதழ் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டும் அவர் எங்களிடமிருந்து பத்தடி தள்ளியே நின்றார். அந்த எக்ஸ்ரேயை 'இணைப்பு: ஒன்று' என்று நான் எழுத வேண்டும்.

என்னால் எழுத முடியவில்லை. நீதிமன்றத்தில் எத்தனையோ பேர் குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் பதிவு செய்திருக்கிறேன். அது இவ்வளவு சிறிய வாக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது.

"அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்."

ஏரல்காரர் முதலில் சிரித்தார். நான் வேடிக்கை பேசக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கு சார்வாள்?"

சட்டம், சுகாதாரம், அமைதி என்று வாய்வரை வந்த எதுவும் வெளியே வரவில்லை. "உங்களுக்கு ஆள் வந்துச்சு. எனக்கு யாரும் வரல" என்றேன். அறுபத்தொன்பது வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல.

அவர், "நான் கூப்பிட்டேன், வந்தாங்க. நீங்க யாரைக் கூப்பிட்டீக?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய், தையல்காரர் வாயிலிருந்த துண்டைத் தன் கையால் அவிழ்த்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். என் மனைவி நான்கு நாள் தட்டை வைப்பாள், எடுப்பாள், அவ்வளவுதான்.

அந்த வெள்ளைத் தாள்கள் என்னிடமே இருந்தன. அவற்றில் வேறொரு மனு எழுதினேன். கடிதத்தை எழுதியவன் நான், நான்காவது குற்றச்சாட்டு முழுப் பொய், சிஸ்டர்மேல் தவறில்லை என்று, என் பெயரும் முகவரியும் ஓய்வுபெற்ற பதவியும் போட்டு நிர்வாகியிடம் நேரில் கொடுத்தேன். அவருக்கு என் மகன் வயது இருக்கும். படித்து முடித்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். மெமோ ரத்தானது. நோயாளி ஒருவருக்கு ஒரே ஒரு துணை, முகக்கவசத்தோடு உள்ளே வரலாம் என்று விதி மாறியது. அது நியாயமான விதிதான். ஏரல் தெருவுக்கு அந்தச் செய்தியைச் சொன்னது சிஸ்டர்.

அவர் திரும்பி வந்தார். விட்டுப்போன மூன்று வாரத்தில் அவர் புரத அளவு மறுபடி ஏறியிருந்தது. என் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் கோடியில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையசைப்பதும் இல்லை. அங்கிருந்து சிரிப்பு கேட்கும். என் மனைவி மட்டும் போய் நலம் விசாரித்துவிட்டு வருவாள். இப்போது எனக்குப் பொறாமைப்படக்கூட அருகதை இல்லை. அப்படியும் பொறாமையாகத்தான் இருந்தது.

தை மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து கால் பிசகி, எழுந்து நடக்க முடியாமல் ஆகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்குத் துணை இல்லை. துணை இல்லாமல் மருந்து ஏற்ற மாட்டார்கள். ஆட்டோவில் தனியாகப் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம், ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கூப்பிட்டது மகனை அல்ல, நண்பர்களை அல்ல. அவர்களிடம் சொல்ல வேண்டிய கதை நீளம். இந்த நோயைப் பற்றி எதுவும் விளக்க வேண்டாத ஆள், நான் வஞ்சித்த அந்த ஒருவர்தான்.

"செவ்வாய்க்கிழமை எனக்குக் கூட இருக்க ஆள் இல்லை. தனியாப் போகப் பயமா இருக்கு. யாரையாவது அனுப்ப முடியுமா?"

வைத்துவிட்டார் என்று நினைத்தபோது குரல் வந்தது. "எத்தனை மணிக்கு?"

வந்தவர் தையல்காரர். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "மொதல்ல ஊசியப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று மணி நேரமும் பேசவில்லை. நான் எழுந்தபோது, பாதம் மரத்திருந்ததால் செருப்பு காலில் ஏறாமல் தடுமாறினேன். அவர் குனிந்து இரண்டு செருப்பையும் மாட்டிவிட்டார். நிமிர்ந்தவர் என் சட்டைத் தோளைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, தொளதொளன்னு தொங்குது? உடம்பு எளைச்சா சட்டையும் எளைக்க வேண்டாமா? கழட்டி ரெண்டைக் குடுத்து விடுங்க. பிடிச்சுத் தாரேன்."

கோடி நாற்காலியிலிருந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக எனக்காக ஒரு குரல் வந்தது. "என்ன சார்வாள், எங்க தெரு ஆளையே மடக்கியாச்சா? ஏ டெய்லரே, என் சட்டையும் தொங்கத்தான் செய்யுது. ஒருநாளாவது கண்ணுக்குத் தெரிஞ்சுதாவே உமக்கு?" அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் தேர்ந்தவன்.

அன்று மாலையே மகனுக்கு உண்மையைச் சொன்னேன். மறுநாள் மைதானத்துக்குப் போனேன். 'அடப்பாவமே' என்றுதான் சொன்னார்கள். கேட்க நான் நினைத்த அளவு மோசமாக இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அவர்களும் முறை வைத்து வரத் தொடங்கினார்கள்.

நோய் இப்போது இருவருக்கும் அடங்கியிருக்கிறது. மாத்திரை மட்டும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போது சந்திக்கிறோம். அவருடைய தாளை நான் படித்துச் சொல்கிறேன். இன்றும் என்னைவிட அவருக்குத்தான் எண்கள் நன்றாக இருக்கின்றன. நெஞ்சில் ஒரு முள் குத்தத்தான் செய்கிறது. ஆனால் "மிக நல்லது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

தையல்காரர் பிடித்துத் தந்த சட்டைகளில் ஒன்று, உடம்பு தேறிவிட்டதால், இப்போது தோளில் இறுக்குகிறது. பிரித்துவிடச் சொன்னால் ஒரு நிமிட வேலை. சொல்ல மனம் வரவில்லை. யாரைப் பார்த்தாவது மனம் எரியும் நாட்களில் அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். வாய் திறந்து கேட்டிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கக் கூடியதற்காகத்தான் இத்தனை காலம் எரிந்திருக்கிறேன் என்று அந்தத் தோள் இறுக்கம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறது.